தாய்க் கெளுத்தி எங்கே போகிறது?

அத்தியாயம் பதினான்கு

வியாழக்கிழமை கிணற்றடியில் விழுந்த சொல் சனிக்கிழமை காலையிலும் அந்த வளவை விட்டுப் போகவில்லை.

இரண்டு வீடுகளுக்கும் ஒரே கிணறு. கிழக்குப் பக்க வீடு மூத்தவள் சின்னத்தங்கத்துக்குத் தாய் கொடுத்தது. இளையவள் யோகமலருக்கு மேற்குப் பக்கத்தில் வெறும் நிலம்தான் கிடைத்தது. அதில் வீடு எழும்பியது அவள் குவைத்துக்குப் போன பிறகு. கல் வீடு, ஓட்டுக் கூரை, மாபிள் பதித்த குசினி. கட்டி முடிந்த வீட்டை அவள் முதலில் தொலைபேசியில்தான் பார்த்தாள். சின்ன மகள் ஆர்த்திகா பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய வருடம் விமானம் ஏறியவள், அந்தப் பிள்ளை பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பினாள். இடையில் இரண்டு முறை வந்து போனது விருந்தாளி வந்து போனது போல.

வந்து சில வாரங்களில் ஆர்த்திகாவுக்குக் காய்ச்சல். அந்த வியாழக்கிழமை யோகமலர் தயிர்ச் சோறு பிசைந்து ஊட்டப் போனாள். அதைக் கண்ட சின்னத்தங்கம் கிணற்றுக் கட்டில் வாளியை அடித்து வைத்தாள்.

"காய்ச்சல்காரப் புள்ளைக்குத் தயிரா? வளத்தவங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும். நீ புள்ளைதின்னிக் கெளுத்தி, உனக்கெப்பிடித் தெரியும்?"

பெரியகல்லாற்றில் அவர்களுடைய கரையில் எல்லோருக்கும் அந்தப் பேர் தெரியும். முட்டைக் காலத்தில் வலையில் படுகிற சில கெளுத்திகளுக்கு வாய் உப்பியிருக்கும். திறந்தால் உள்ளே பிள்ளைகள் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளை போலப் பெரிய முட்டைகள். முட்டையை இட்டுவிட்டுத் தானே தின்கிற தாய் என்று சொல்லி, தோணிக்காரர்கள் அதைத் தோணி விளிம்பில் தட்டி, வாயைக் கொட்டிவிட்டுத்தான் கூடைக்குள் போடுவார்கள். வீடுகளில் அந்தப் பேர் பிள்ளையை விட்டுப் போன பெண்களுக்கு. ஆண்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அதே மீனைப் பற்றித்தான் யோகமலரின் மூத்த மகள் தனுஷியா இன்று பின்னேரம் கரையில் பேசப் போகிறாள். ஊரெல்லாம் சொல்லி ஒரு மாதமாகிவிட்டது.

*

யோகமலர் தன் சொந்தக் குசினியில் மிளகாய்த்தூளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று பேணிகளைத் திறந்து மூடிவிட்டாள். ஒன்றில் சீனி. ஒன்றில் வறுத்த மா. ஒன்றில் துருப்பிடித்த ஆணிகள்.

"மேல் தட்டு. பச்சை மூடி," என்றார் அவள் கணவர் அழகரத்தினம். அவர் அப்போதுதான் ஊரை ஒட்டிய வாவியில் மீன் பிடித்துவிட்டு வந்திருந்தார். சாரனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீனியையும் ஆணியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிரிக்கிறீங்க."

"எது எதெண்டு எனக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியாதே."

அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தேங்காயை ஒரே தட்டில் இரண்டாக உடைத்துத் துருவலையில் உட்கார்ந்தார். யோகமலர் கையை நீட்டி வாங்கப் பார்த்தாள். அதற்குள் பாதித் தேங்காய் துருவி முடிந்திருந்தது. பழகிய கை.

ஆர்த்திகா வாசலில் வந்து நின்றாள். காய்ச்சல் விட்டிருந்தது, முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

"அப்பா, என்ட தண்ணிப் போத்தல்?"

போத்தல் யோகமலரின் கையில் இருந்தது. அவள் நீட்டினாள். ஆர்த்திகா வாங்கிக்கொண்டு, "தேங்ஸ்" என்றாள். அதற்குப் பின்னால் வரவேண்டிய சொல் வரவில்லை. வந்த நாளிலிருந்து இப்படித்தான். அம்மா என்று கூப்பிட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளை வசனத்தை வளைத்துவிடும். "சாப்பாடு ஆகிட்டா?" என்று சுவரைக் கேட்கும். "ஆரோ கூப்பிடுறாங்க" என்று வாசலுக்குச் சொல்லும். வெறுப்பு இல்லை. எழுதிப் பழகாத எழுத்தைத் தாண்டிப் போவது போல ஒரு தாண்டல். அதுதான் யோகமலரை அதிகம் வருத்தியது. வெறுப்பென்றால் சண்டை பிடிக்கலாம்.

வெளியே மாமரத்தடியில் தனுஷியா ஒரு பெரிய பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தாள். பேசினுக்குள் வாவித் தண்ணீர். அதற்குள் ஒரு கெளுத்தி, வாயை இறுக மூடிக்கொண்டு, அடியில் ஒட்டிக் கிடந்தது. அவள் பல்கலைக்கழக விலங்கியல் பகுதியில் ஆராய்ச்சி உதவியாளர். இரண்டு பருவங்களாக இந்த மீனோடுதான் அவளுக்குச் சீவியம்.

யோகமலர் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா குலுக்காமக் கொண்டு வந்திரிக்கார்," என்றாள் தனுஷியா. "பயந்தா இது முட்டையெல்லாத்தையும் துப்பிப்போடும். தோணியில இருந்து வீடு வரைக்கும் நடந்து வந்திரிக்கார். ஒண்டுகூடத் துப்பல்ல."

"பின்னேரம் நான் மெடத்துக்குப் பதில் சொல்லோணும், மகள்."

தனுஷியா நிமிர்ந்தாள். இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கிணற்றடிச் சண்டை நடந்த அன்று மாலையே குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. பிறந்ததிலிருந்து யோகமலர் தூக்கி வளர்த்த, அவள் வேலை செய்த வீட்டுச் சின்னப் பையன், அவள் வந்த பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லையாம். திரும்பி வா, சனிக்கிழமைக்குள் சொல், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுக்க வேண்டும் என்றாள் மெடம்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"அந்தப் புள்ள எழும்பி எழும்பி என்னைத் தேடுதாம். இஞ்ச ஒருத்தரும் என்னைத் தேடல்ல. மிளகாய்த்தூளத் தேடுற ஆளாத்தான் நான் இரிக்கிறன்."

"அம்மா..."

"கோவமில்ல. போனது பிழையெண்டு நான் ஒருநாளும் நினைக்கல்ல. வந்ததுதான் பிழையோ எண்டு யோசிக்கிறன். இஞ்ச எனக்கொரு இடம் இரிக்கெண்டு தெரிஞ்சா நிப்பன். இல்லாட்டிப் போறன். ரெண்டு இடத்திலயும் இல்லாம நிக்க ஏலாது."

"அப்பாட்டச் சொன்னீங்களா?"

"அவர் 'உன்ட விருப்பம்' எண்டுவார். முதல் போகக்குள்ளயும் அதைத்தான் சொன்னவர்."

தனுஷியா பேசினுக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் இண்டைக்கு வேற மீனைப் பத்திக் கதைக்கிறன். மணலை இரிக்கு, கொய் இரிக்கு."

"என்னத்துக்கு?"

"பெரியம்மா வருவா. ஊரே வரும். அந்தப் பேரைச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். எனக்குப் பயந்து நீ படிச்சத மறைக்காத. நானும் வாறன்."

அவள் உள்ளே போய்விட்டாள். தனுஷியா பேசினுக்கு முன்னாலேயே இருந்தாள். ஊர் சொல்வது பிழை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சரியானது, இன்றைக்கு, இந்த வீட்டுக்கு, இன்னும் மோசமானது.

*

இந்தக் கரைப் பேச்சுகளை முதலில் தொடங்கியது ஸாதியா. காத்தான்குடிக்காரி, தனுஷியாவோடு ஒன்றாகப் படித்தவள். நண்டுகளை ஆராய்கிறாள். வாவியில் பிடித்ததை ஆய்வுகூடத்தில் அறுத்து, வெளிநாட்டு இதழில் எழுதிவிட்டு, பிடித்துத் தந்தவர்களுக்கு ஒன்றுமே சொல்லாமல் இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்ததாம். அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வலை காயப்போடுகிற கொட்டிலில் கூடுவார்கள். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை, திரை இல்லை. ஒரு தடவைக்கு ஒரு பிராணி. பேசுகிறவர் கவிழ்த்த தோணியில் உட்கார வேண்டும். கேட்கிறவர்கள் எந்த இடத்திலும் குறுக்கிடலாம். முதல் பேச்சுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இப்போது கொட்டில் நிறைகிறது.

இன்றும் நிறைந்திருந்தது. தோணிக்காரர்கள், கருவாடு போடுகிற பெண்கள், ரியூசன் முடிந்து வந்த பிள்ளைகள், மீன் எடுக்க வருகிற வியாபாரி ஹலீம் நானா. சின்னத்தங்கம் வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து முன்வரிசையில் போட்டு உட்கார்ந்தாள். யோகமலர் கடைசியில், ஒரு தூணோடு சாய்ந்து நின்றாள். ஆர்த்திகா இருவருக்கும் நடுவில் எங்கோ தோழிகளோடு இருந்தாள். அழகரத்தினம் பேசினுக்குப் பக்கத்தில் காவல்காரர் போல நின்றார்.

மேற்கே படுவான்கரைப் பக்கம் வெயில் சாய்ந்து, வாவியின் மேல் ஒரு நீண்ட மஞ்சள் பாதை போட்டிருந்தது. நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம் போல.

"முட்டைக் காலத்துல கெளுத்திட வாய்க்குள்ள என்ன இரிக்கு?" என்று தொடங்கினாள் தனுஷியா.

"முட்டை!" பிள்ளைகள் கத்தினார்கள்.

"ஏன் இரிக்கு?"

"தின்னத்தான்," என்றார் ஒரு தோணிக்காரர். "போட்டிட்டுத் தானே தின்னும். புள்ளைதின்னியெண்டு சும்மாவா சொல்றம்?"

சின்னத்தங்கம் தலையைத் திருப்பவில்லை. ஆனால் முன்வரிசையில் சிலர் திரும்பித் தூணைப் பார்த்தார்கள்.

"நான் வாய்க்குள்ள முட்டையோட வந்ததெல்லாத்தையும் வயித்தை அறுத்துப் பாத்திரிக்கன்," என்றாள் தனுஷியா. "வயித்துக்குள்ள தீனியே இல்ல. குடல் நூல் மாதிரிச் சுருங்கிக் கிடக்கு. தின்னுற மீனுக்கு அப்பிடி இராது. இது தின்னல்ல. பட்டினி கிடக்குது. முட்டை பொரிச்சு, குஞ்சு நீந்திற பருவம் வரும் வரைக்கும் வாய்க்குள்ளயே வெச்சிரிக்கு. ஒரு மாதத்துக்கும் மேல."

"ஒரு மாதம் தின்னாமலா?" கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி மார்பில் கை வைத்தாள். "பாவம் அந்தத் தாய்."

"தாயில்ல," என்றாள் தனுஷியா. "தகப்பன்."

கொட்டிலில் சிரிப்பு வெடித்தது.

"பொய் சொல்லாத புள்ள! ஆம்பிள ஒரு மாதம் வாய மூடிட்டிரிப்பானா?"

"எங்கட வீட்டுல ஒரு நேரம் மூடட்டும் பாப்பம்!"

"அழகரத்தினம் அண்ணன், உங்கட ஆள்தான் இது! முகமும் அப்பிடித்தான் இரிக்கு!"

அழகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். காதுகள் சிவந்திருந்தன. ஆர்த்திகா எழுந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து, "சிரிக்காதீங்க!" என்றாள். அது இன்னும் சிரிப்பை மூட்டியது.

ஹலீம் நானா கையை உயர்த்தினார். "அப்ப இவ்வளவு காலமும் தட்டிக் கொட்டினது? நான்தானே சொல்றது, முட்டையையும் சேத்து நிறுக்கேலா, கொட்டிட்டுக் கொண்டாங்க எண்டு."

"கொட்டினா அந்தக் குடும்பம் முடிஞ்சிது, நானா," என்றாள் ஸாதியா பின்னாலிருந்து. "தகப்பனும் போச்சு, புள்ளைகளும் போச்சு. வாய் உப்பினது பட்டா அப்பிடியே தண்ணிக்குள்ள விடுங்க. அதைத்தான் கேக்கிறம்."

"யா அல்லாஹ்," என்று ஹலீம் நானா கையைத் தொடையில் போட்டார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தனுஷியா ஒரு கண்ணாடிப் போத்தலைச் சுற்றவிட்டாள். உள்ளே முட்டைகள், மஞ்சளாக, ஒவ்வொன்றும் ஒரு போளை அளவு. பிள்ளைகள் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்கள். பேச்சை இந்த இடத்தோடு முடித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தும்விட்டாள்.

"ஒண்டு கேக்கட்டா?"

சின்னத்தங்கம்தான். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேளுங்க, பெரியம்மா."

"தகப்பன் வாய்க்குள்ள வெச்சிட்டுக் கிடக்கான். சரி. அப்ப தாய் எங்க போறாள்?"

 அந்தக் கொட்டிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும் கேள்வி எங்கே போகிறதென்று. தூணடியில் யோகமலர் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். போகவில்லை.

தனுஷியா தாயைப் பார்த்தாள். தாய் இலேசாகத் தலையசைத்தாள். சொல்லு.

"அவ போயிருவா," என்றாள் தனுஷியா.

"எங்க?"

"சரியாத் தெரியாது, பெரியம்மா. ஆழமான பக்கத்துக்கெண்டு நினைக்கிறம். ஒருத்தரும் பின்னால போய்ப் பாக்கல்ல. நாங்க படிச்சதெல்லாம் கரையில நிண்ட தகப்பன்மாரை. அவங்கதான் கைக்கு அம்பிட்டாங்க."

"அப்ப போட்டிட்டுப் போறவள்தானே."

"போட்டு முடிச்ச பெண் மீன் சிலதை நான் பாத்திரிக்கன்." தனுஷியாவின் குரல் சற்று உயர்ந்தது. "வயிறு ஒட்டி, சதை வத்தி, தலை மட்டும் பெரிசாத் தெரியும். அந்தப் போத்தலைப் பாருங்க. முட்டை எவ்வளவு பெரிசு? அதெல்லாம் அவட உடம்பு. உள்ளதெல்லாம் குடுத்திட்டா. தின்னப் போகாட்டி அவ சாவா. அவ வயித்தைப் பாத்துப் போறதால ரெண்டு பேரும் பட்டினி கிடக்கத் தேவையில்ல."

சின்னத்தங்கம் ஏதோ சொல்ல வந்தாள். தனுஷியா நிறுத்தவில்லை.

"இன்னொண்டும் இரிக்கு. பெரிய முட்டையோட சேத்து அவ சின்னச் சின்ன முட்டையும் போடுறா. அதுக்குள்ள குஞ்சில்ல. ஒருநாளும் பொரியாது. அது என்னத்துக்கெண்டு கனகாலமா ஆய்வாளர்களுக்கு விளங்கல்ல. வேற நாடுகள்ல சிலர் சொல்றாங்க, அது தகப்பனுக்குச் சாப்பாடா இரிக்கலாமெண்டு. அவன் பட்டினி கிடந்து தாங்கோணும்தானே. நான் இன்னும் சரியெண்டு சொல்லமாட்டன். ரெண்டு மீன்ட குடலுக்குள்ள அந்தச் சின்ன முட்டைட தோல் மாதிரி ஒண்டு கண்டன். அவ்வளவுதான்."

"குவைத் பெட்டி!" என்றார் யாரோ ஒரு தோணிக்காரர், சட்டென்று வாயில் வந்ததை.

சிலர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்கள். வருடத்துக்கொரு முறை குவைத்திலிருந்து யோகமலர் வீட்டு வாசலில் வந்து இறங்கிய மரப்பெட்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பால்மா, சவர்க்காரம், பள்ளிச் சப்பாத்து, ஒரு வருடம் தையல் மெஷின். அந்தப் பால்மாவில் சின்னத்தங்கத்தின் பிள்ளைகளும் குடித்தார்கள்.

"நானும் ஒண்டு கேக்கலாமா?"

யோகமலர் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள்.

"கேளுங்க, அம்மா."

"அவ திரும்பி வந்தா, அந்தக் குஞ்சுகளுக்குத் தாயைத் தெரியுமா?"

தனுஷியா நெடுநேரம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பொய் சொல்லியிருப்பாள்.

"தெரியாது, அம்மா. தகப்பனையும் தெரியாது. வாயை விட்டு வெளிய வந்தா, அவனும் அதுகளுக்கு ஒரு பெரிய மீன்தான்." அவள் தோணியிலிருந்து இறங்கி நின்றாள். "அது மீன், அம்மா. அதைப் பாத்து நாங்க ஒண்டும் படிக்கத் தேவையில்ல. நான் அதுட வயித்தை அறுத்துப் பாத்ததுக்கு, அது எங்கட வீட்டைப் பத்திச் சொல்லுமெண்டில்ல."

யோகமலர் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது போலத் தெரிந்தது. யாரும் அவளுக்காக இனிப்புத் தடவவில்லை.

கூட்டம் மெல்லக் கலைந்தது. சின்னத்தங்கம் எழுந்து, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு போய்த் தங்கைக்கு முன்னால் வைத்தாள்.

"இரு. அவ்வளவு நேரமும் நிண்டிட்டாய்."

"நீ இரு, அக்கா. உனக்குத்தானே முழங்கால் வருத்தம்."

"வருத்தம் இப்ப இல்ல. இருடி எண்டா."

இருவரும் உட்காரவில்லை. கதிரையின் இரண்டு பக்கமும் நின்று, ஆளுக்கொரு கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சின்னத்தங்கம், "தயிர் சும்மா குடுக்கலாம், புளிக்காட்டி," என்றாள். மன்னிப்பென்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். யோகமலர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அழகரத்தினம் பேசினைத் தூக்கிக்கொண்டு வாவிக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர் வரும் வரை நடந்தார். பேசினைச் சரித்துத் தண்ணீரோடு தண்ணீராக்கினார். கெளுத்தி போன பிறகும் அவர் திரும்பவில்லை. வெறும் பேசின் பக்கத்தில் மிதக்க, அந்த மஞ்சள் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனிதர் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தனுஷியாவுக்குத் தோன்றியது. பிறகு மறந்துவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் தொலைபேசி மணி அடித்தது. யோகமலர் விறாந்தையில் நின்றே எடுத்தாள்.

அவள் அரபியில் பேசுவதைப் பிள்ளைகள் அன்றுதான் சரியாகக் கேட்டார்கள். அது வேறொரு பெண்ணின் குரல். வேகமாக, உரத்து, கையை ஆட்டி, நடுவில் சிரித்து. பேணிகளைத் திறந்து மூடுகிற பெண் இல்லை. ஒரு பெரிய வீட்டை விரல் நுனியில் வைத்திருந்த பெண். ஆர்த்திகா புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லா, மெடம்," என்றாள் யோகமலர். பிறகு இன்னும் மெதுவாக, "லா."

அந்தச் சொல் எந்த மொழியிலும் விளங்கும்.

அதற்குப் பிறகு ஒரு குழந்தைக் குரல் வந்தது. யோகமலர் அதோடு கொஞ்ச நேரம் பேசினாள். ஒரு பாட்டுப் போல ஏதோ சொன்னாள். தொலைபேசியை வைத்த பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

"என்னெண்டு சொன்னீங்க?" தனுஷியா கேட்டாள்.

"வரல்லையெண்டு."

"ஏன், அம்மா? இண்டைக்கு நான் சொன்னதாலயா?"

"நீ சொன்னதால இல்ல. கேள்வி கேட்டதால." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இவ்வளவு வருசமும் எல்லாரும் எனக்குப் பின்னால கதைச்சாங்க. இண்டைக்கு முன்னால கேட்டாங்க. நானும் கேட்டன். மறுகா யோசிச்சன், இஞ்ச நிண்டு சண்டை பிடிக்க ஆளிரிக்கு. அதுவும் ஒரு இடம்தானே."

ஆர்த்திகா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு உங்கட பேர் தெரியுமா?"

"மலரெண்டு சொல்ல வராது. மாலா எண்டும்."

"மாலா," என்று ஆர்த்திகா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எங்கோ தூரத்தில் இருந்த ஒரு பையன் மேல் கோபப்படுவதா இரக்கப்படுவதா என்று தெரியாத முகம். "கெட்டிக்காரனா அவன்?"

"படு குழப்படி, ஓரிடத்தில இரிக்க மாட்டான். உன்ன மாதிரி."

"நான் குழப்படியெண்டு உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"பெரியம்மா தொலைபேசியில சொல்லுவா. கிழமைக்குக் கிழமை."

ஆர்த்திகா முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. ஆனால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"சாப்பிட வாங்க," என்று குசினியிலிருந்து அழகரத்தினம் கூப்பிட்டார்.

மணலைக் குழம்பு, பொன்னாங்காணி, வெள்ளைச் சோறு. அவர் எப்போதும் போல மற்றவர்களுக்குப் போட்டார். எப்போதும் அப்படித்தான். பிள்ளைகள் எழும்பிய பிறகு சட்டியில் மிஞ்சியதில் அவர் சாப்பிடுவார். இன்று ஆளுக்கொரு பீங்கானில் சோறு வைத்துவிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"குவைத்துக்காரிட்ட என்ன சொன்னாய்?"

யோகமலர் திடுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமை உன்ட முகத்தைப் பாத்தன். வேற என்னவா இரிக்கும்?"

"வரல்லையெண்டு சொல்லிட்டன். நிக்கிறன்."

"ஒரேயடியாவா?"

"ஒரேயடியா."

அழகரத்தினம் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் போலத் தோளை அசைத்தார்.

"சரி," என்றார். "அப்ப நான் போகலாம்."

"எங்க?" மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"வாழைச்சேனைக்கு. விஜிதரன்ட ஆழ்கடல் போட்டுல." தன் மச்சானின் படகைச் சொன்னார். "அவன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனான். புள்ளைகள் இரிக்கெண்டு நான் மாட்டனெண்டுட்டன். போனா ஒரு மாதமும் ஆகும், கூடவும் ஆகும். வாவிக்குள்ளயே நிண்டு நிண்டு எனக்குக் கடல் எப்பிடி இரிக்குமெண்டே மறந்து போச்சு, மலர். கரை தெரியாத இடத்துக்கு ஒருக்காப் போகோணும். திங்கக்கிழமை போட் போகுது."

இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"கோவமா?" யோகமலர் கேட்டாள்.

"கோவமில்ல. கோவமெண்டா முதலே போயிருப்பன்."

"இந்த வயசுல ஆழ்கடலா, அப்பா?" என்றாள் தனுஷியா.

"எந்த வயசுல போறது பின்ன?"

ஆர்த்திகா பீங்கானைத் தள்ளிவிட்டு எழுந்தாள். காய்ச்சல் திரும்பியது போல முகம் கொதித்தது.

"ஒராளும் போகேலா!" என்று கத்தினாள். "ஒராள் வந்தா ஒராள் போறதா? இந்த வீட்டுல இனி ஒராளும் ஒரு இடமும் போகேலா!"

சத்தம் கிணற்றைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். கிழக்கு வீட்டில் கதவு திறந்தது.

அழகரத்தினம் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போவேன் என்றும் சொல்லவில்லை. யோகமலர் எழுந்தாள். ஒரு பீங்கானை எடுத்து, சோற்றைக் குவித்து, மீனில் நடுத்துண்டை வைத்து, குழம்பை ஊற்றினாள்.

"இருங்க. முதல்ல சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். கையைக் கழுவி, சோற்றைப் பிசைந்து, சாப்பிடத் தொடங்கினார். மெதுவாக இல்லை. பெரிய பெரிய கவளமாக. ஒரு பீங்கான் முடிந்தது. கேட்காமலே தானாக இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டார். அதுவும் முடிந்தது. மூன்று பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பசி இவருக்கு இருந்ததென்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.